கேபிள் கமரா வண்டி செய்யக் கொடுக்கப் போறீங்களா? காசு கட்டும் முன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் குறும்படமும் பாட்டு வீடியோவும் எடுக்கிற பெடியளுக்காக எழுதுகிறேன். இங்கே டுரோன் பறக்கவிட வேண்டுமென்றால் சிவில் விமான சேவைகள் அதிகார சபை, பாதுகாப்பு அமைச்சு என்று அனுமதிக்கு அலைய வேண்டும், அதிலும் ஒரு பக்கம் கடற்படைத் தளம், இன்னொரு பக்கம் சீனன்குடா விமானப்படை. அதனால்தான் பலரும் இரண்டு மரத்துக்கு நடுவே வயர் இழுத்து, அதில் சக்கர வண்டி மாட்டி, கமராவை ஓடவிடப் பார்க்கிறோம். நாங்களும் நிலாவெளிப் பக்கம் பனைகளுக்கு நடுவே ஓடவிட ஒரு செட் செய்யக் கொடுத்தோம்.

டவுனில் ஒரு வெல்டிங் கடை. பெயர் போடவில்லை. "எல்லாம் ஸ்டெயின்லெஸ், சக்கரம் எல்லாம் பெயாரிங் போட்டது, கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோங்கோ தம்பி" என்று சொல்லி 28,000 ரூபாய் முழுசாக முன்கூட்டியே வாங்கினார்.

கையில் வந்த வயரில் காந்தத்தை வைத்தால் டக்கென்று ஒட்டுகிறது. நல்ல ஸ்டெயின்லெஸ் என்றால் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான் இழுக்கும். இது வெறும் கல்வனைஸ் வயர், கடல் காற்றில் கொஞ்ச நாளிலேயே வெட்டின நுனியிலிருந்து கபில நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. சக்கரமோ ஸ்லைடிங் கதவுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உருளை. பெயாரிங் கிடையாது, நடுவில் ஒரு போல்ட், அவ்வளவுதான். பள்ளம் அகலம், வயர் மெல்லிசு, அதனால் வண்டி ஓட ஓட இரண்டு பக்கமும் ஆடுகிறது, வயர் பிளாஸ்டிக்கை அராவி வெள்ளைத் தூள் கொட்டுகிறது. எடுத்த காட்சி முழுக்க நடுக்கம்.

இதெல்லாம் பரவாயில்லை என்று விடலாம். விட முடியாதது வயரைத் திருகி இறுக்குகிற சாமான், அதாவது டேர்ன்பக்கிள்தான். கமராவுக்குப் பதிலாக அரிசிப் பை ஒன்றைத் தொங்கவிட்டுத்தான் முதலில் இழுத்துப் பார்த்தோம். இறுக்கும்போது டேர்ன்பக்கிளின் திறந்த கொக்கி மெல்ல மெல்ல நிமிர்ந்து, வயர் கழன்று, பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு மணலில் அடித்தது. அந்த நேரம் அதன் நேரே ஒருத்தரும் நிற்கவில்லை, நின்றிருந்தால் முகம் போயிருக்கும்.

எடை கொஞ்சம்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம். வண்டியும் கமராவும் சேர்த்து 3 கிலோ, மரத்துக்கு மரம் 40 மீற்றர், நடுவில் 1 மீற்றர் தொய்வு என்றால் வயரில் விழும் இழுவை கிட்டத்தட்ட 30 கிலோ. தொய்வை அரை மீற்றராகக் குறைத்தால் அது 60 கிலோ. வயரின் சொந்தப் பாரத்தைச் சேர்க்காமலே இவ்வளவு. தொய்வு தெரியக் கூடாதென்று இறுக்க இறுக்க இது ஏறிக்கொண்டே போகும், ஆகவே கொஞ்சம் தொங்கினால் தொங்கட்டும். திறந்த கொக்கி வேண்டவே வேண்டாம், மூடின வளையம் உள்ளதைக் கேளுங்கள்.

வயர் நுனியை மடித்துப் பிடிக்கிற கிளிப்பையும் மனுஷன் தலைகீழாகப் பூட்டியிருந்தார். யூ போல்ட் மடித்த குட்டை நுனியின் மேல் அமர வேண்டும், அதற்கு எதிரே வருகிற அடிக்கட்டை பாரம் தாங்குகிற நீட்டு வயரில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் யூ போல்ட் பாரமுள்ள வயரையே நசுக்கிவிடும். முனைக்கு ஒரே ஒரு கிளிப்போடு கதையை முடித்திருந்தார், அதுவும் ஸ்பானர் வைத்தால் இன்னும் சுற்றுகிறது.

திருப்பிக் கொண்டுபோனோம். "மரத்தில் கட்டத் தெரியாமல் கட்டிவிட்டு என்னிட்ட வாறீங்கள்" என்றார். கடையில் நின்ற ஒரு ஐயா கொக்கியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது உடுப்புக் கொடி கட்டுறதுக்கெல்லோ" என்றார். கடைக்காரர் கேட்காத மாதிரி கிரைண்டரைப் போட்டுவிட்டார். காசு ஒரு சதமும் வரவில்லை.

எங்களுக்குத் தந்த துண்டில் "வயர் செட்" என்று மட்டும்தான் இருக்கிறது, ஸ்டெயின்லெஸ் என்ற பேச்சே இல்லை. அப்புறம் அதைக் காட்டி முறைப்பாடு செய்வது பெரும்பாடு. நீங்கள் கொடுப்பதென்றால் வயர் என்ன வகை, எத்தனை மில்லிமீற்றர், பெயாரிங் உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், பாதிக் காசை வண்டி ஓடின பிறகு கொடுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடிக்கலாம். எந்தக் கடை என்று தெரிய வேண்டிய ஆட்கள் உள்பெட்டியில் கேளுங்கள்.