தானாக வந்த இடத்துக்கு 60,000 ரூபாய்

சென்ற ஆடி மாதத்தில் என் மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவன் விருப்பப் பட்டியலில் முதலாவதாக எழுதிய கல்லூரி அது. கேட்ட பாடப்பிரிவும் அதுவே. ஆகவே அந்தச் சேர்க்கையில் நான் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லும்போது கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். இடம் கிடைத்த பிறகு என்ன ஏமாற்றம் என்று என் மைத்துனரே கேட்டார். இந்த வகை மோசடி வெளியே வராமல் இருப்பதற்குக் காரணமே அந்தக் கேள்விதான் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகே ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடன் மனுவில் ஓர் எண் மாறியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறவன் என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் என்னைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதுண்டு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

மகன் இரண்டு ஆண்டுகள் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் படித்தான். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 94, இயற்பியலில் 92, வேதியியலில் 90. கணிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால், 200-க்கு 185 கட்-ஆஃப் வந்தது. அவன் ஆசைப்பட்டது கோவையில் ஒரு கல்லூரியில் ஈ.சி.ஈ., அதாவது மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல். எங்கள் பிரிவில் அங்கே முந்தைய ஆண்டு கடைசியாகச் சேர்ந்த மாணவரின் கட்-ஆஃப் 185.5. அரை மதிப்பெண் என்பது கேட்பதற்குச் சிறியது. தரவரிசையில் அந்த அரை மதிப்பெண்ணுக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்கிறார்கள். கலந்தாய்வில் அவனுக்கு மூன்றாவது விருப்பமாக எழுதியிருந்த, ஈரோடு பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயந்திரவியல் பிரிவு தற்காலிகமாக ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தை விடாமல் வைத்துக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதாக, அதாவது ‘அக்செப்ட் அண்டு அப்வர்டு’ என்று, அவன் உறுதி செய்தான். அதற்கான கட்டணத்தைக் கட்டுவதோடு சேர்த்து, அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மேல் நான் செய்தவை எல்லாம் பதற்றத்தில் செய்தவை.

அந்தக் காத்திருப்பு நாள்களை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை அந்த அலுவலகத்துக்கு இழுத்துச் சென்றவை அவைதான். ஆனி மாத முகூர்த்தங்களில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் இலை போடுவதற்கு முன்பே பையனுக்கு எங்கே சீட் என்ற கேள்வி வந்துவிட்டது. ஆடி பிறந்து கல்யாணங்கள் நின்ற பிறகு கேள்விகள் கைபேசியில் வந்தன. மகன் இரவு இரண்டு மணிக்கும் கைபேசியைத் திறந்து பார்ப்பதும், ஒன்றும் மாறவில்லை என்று கவிழ்த்து வைப்பதுமாக இருந்தான். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் இரவு, இரண்டு வருடம் விடுதிக்குக் கட்டிய பணத்துக்கு ஓர் அரை மதிப்பெண் கூடவா வாங்க முடியவில்லை என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. என் மனைவிதான், ‘கணக்குப்பிள்ளை மாதிரி பையன்கிட்ட பேசாதீங்க’ என்றாள். மறுநாள் காலையில், பணத்தைப் பற்றிப் பேசியதற்குப் பணத்தாலேயே பரிகாரம் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டியிருந்த அந்த நிலையை என்னால் தாங்க முடியவில்லை என்பதே உண்மை.

உரம் வாங்க வந்த ஒருவர் கோவை காந்திபுரத்தில் ஒரு கல்வி ஆலோசனை அலுவலகம் இருப்பதாகச் சொன்னார். கண்ணாடிக் கதவு, குளிர்பதன அறை, சுவர் முழுக்க மாணவர்களின் படங்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கலாம். நல்ல பேச்சு, நம் பக்கத்துப் பேச்சு. நிர்வாக ஒதுக்கீட்டு இடமா என்று கேட்டேன். சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மையினர் நடத்தாதவற்றில் 35 சதவீதமும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவீதமும் நிர்வாகத்திடம் இருக்கும் என்பதும், அதற்கு நன்கொடை என்ற பெயரில் பணம் வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே, ‘அதெல்லாம் வேண்டாமுங்கண்ணா. பையன் பேரு கவுன்சிலிங்லயே காத்திருக்குதுங்க. மேல ஒரு தள்ளு தள்ளுனாப் போதுமுங்க’ என்றார். 60,000 ரூபாய், முன்பணம் 25,000, மீதி இடம் வந்த பிறகு, வராவிட்டால் பணம் திரும்பி வரும். இடம் வந்தால்தான் மீதிப் பணம் என்ற அந்த ஒரு நிபந்தனை என் சந்தேகங்களை எல்லாம் அடக்கிவிட்டது. வேலை முடியாமல் பணம் கேட்காதவன் நேர்மையானவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன்.

விண்ணப்ப எண்ணை நான் வாயால் சொல்ல, அங்கே வேலை பார்த்த பெண் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் அசலாகவே கேட்டார்கள். ‘ஃபைல் மூவ் ஆகணுமுங்க’ என்றார்கள். கூடவே இரண்டு புகைப்படங்கள். கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு விவசாயியிடம் பட்டா நகல் வாங்கும்போது கூட ஒப்புகை கொடுக்கிற நான், மகனின் அசல் சான்றிதழ்களுக்கு ஒப்புகை கேட்கவில்லை.

எட்டாம் நாள் காலையில் ஒதுக்கீடு மாறியிருந்தது. முதல் விருப்பம் கிடைத்துவிட்டது. மகன் அழுதான், நானும் அழுதேன். உடனே அந்த அலுவலகத்துக்கு நன்றி சொல்லப் பேசினேன். இப்போது யோசித்தால் அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்: நான் சொல்லும்வரை அவருக்கு விஷயம் தெரியாது. ‘என்ன வந்திருக்குதுங்க?’ என்று கேட்டவர், நான் கல்லூரியின் பெயரைச் சொன்ன அடுத்த நொடியில், ‘நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தானுங்க பேசி முடிச்சேன்’ என்றார்.

கல்லூரியில் குறித்த நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு சேர வேண்டும். மீதி 35,000 ரூபாயை மேசையில் வைக்கும்வரை சான்றிதழ்கள் இருக்கும் பீரோவின் சாவி கிடைக்கவில்லை. பணத்தை எண்ணிய பிறகு சாவி கிடைத்தது. உறையோடு அந்தப் பெண் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் தாள். அவிநாசி வழியாக வந்த பேருந்து நம்பியூரைத் தாண்டும்போது, சான்றிதழ்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க உறையைத் திறந்தேன். சீட்டில் இருந்த விண்ணப்ப எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. எங்களுடையது 46 என்று முடியும். சீட்டில் 64 என்று இருந்தது. மகனின் பெயரும் அதில் இல்லை, அந்த எண் மட்டும்தான். எட்டு நாள் என் மகனுக்காக யாரோ எங்கோ பேசியதாகச் சொல்லப்பட்ட அந்த அலுவலகத்தில், என் மகனின் எண்ணே இருந்திருக்கவில்லை. 22 ஆண்டுகளாக மற்றவர்களின் எண்களைச் சரிபார்க்கிறவன், அறுபதாயிரம் கொடுத்து முடித்த பிறகு பேருந்தில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தேன்.

அதன் பிறகுதான் இடம் எப்படி நகர்கிறது என்பதை நிதானமாகப் படித்தேன். முன்பே படித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இந்தக் கலந்தாய்வில் கணினிக்குத் தெரிந்தவை தரவரிசை, இட ஒதுக்கீட்டுப் பிரிவு, மாணவர் பூட்டிய விருப்பப் பட்டியல் ஆகியவைதான். ஒதுக்கீடு பெற்ற ஒருவர் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேராவிட்டால் அந்த இடம் காலியாகிறது. அதை மேலே எழுதிவிட்டுக் காத்திருப்பவர்களில் தரவரிசையில் முந்தியவருக்கு அது போகிறது. அவர் விட்டுப்போன இடம் அடுத்தவருக்குப் போகிறது. திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கும் மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் விலகிச் செல்வதால், மேலே ஒருவர் நகர்ந்தால் கீழே சங்கிலி போலப் பலர் நகர்கிறார்கள். மதிப்பெண்கள் எல்லாம் சமமாக இருந்தால் பிறந்த தேதியைப் பார்க்கிறார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால்தான் சமவாய்ப்பு எண். இதில் தள்ளுவதற்கு ஆள் நிற்க இடமே இல்லை. முந்தைய ஆண்டின் 185.5 என்பது அந்த ஆண்டின் கணக்கு மட்டுமே. அது இந்த ஆண்டு 185 ஆக இறங்கியதற்கு யாரும் யாரிடமும் இரவு பதினோரு மணிக்குப் பேசத் தேவையில்லை.

முதல் நாள் அந்த அலுவலகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் கைபேசி எண் வாங்கியிருந்தேன். அவர் மகளுக்கும் அதே போலக் காத்திருப்பு. அதே 25,000 முன்பணம். அந்தப் பெண்ணுக்கு இடம் நகரவில்லை. ‘இந்த வருஷம் மேல ரொம்ப டைட்டுங்க’ என்று சொல்லி, சேவைக் கட்டணமாக 10,000 பிடித்துக்கொண்டு 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் பணத்தைத் திருப்பினார்களே என்று அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். தன் மகளின் தரவரிசைதான் போதவில்லை என்றும், தான் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசியை வைத்த பிறகு சங்கத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கினால், நான்கு பேருக்குத் தானாகவே இடம் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு அறுபதாயிரம் 2,40,000. மற்ற ஆறு பேரிடம் பிடித்துக்கொண்ட பத்தாயிரங்கள் 60,000. ஒரு தொலைபேசி அழைப்பு கூடச் செய்யாமல் 3,00,000 ரூபாய். இடம் கிடைத்தவர்கள் நன்றியோடு போகிறார்கள், கிடைக்காதவர்கள் விதியை நொந்துகொண்டு போகிறார்கள், புகார் கொடுக்க ஒருவரும் மிஞ்சுவதில்லை. இந்தத் தொழிலின் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. அவர் என்னிடம் விற்றது இடத்தை அல்ல; ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்ற நிம்மதியை எட்டு நாளைக்கு விற்றார். நியாயமாகப் பார்த்தால் அந்த எட்டு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

திரும்பிப் போய்ச் சீட்டைக் காட்டி எண்ணைக் கேட்டேன். முதலில் எழுத்துப் பிழை என்றார். பிறகு, பெயரைச் சொல்லித்தான் பேசினேன் என்றார். பெயர் சீட்டில் இல்லையே என்றதும் அவர் குரல் மாறியது. ‘வேலை முடிஞ்சுதா இல்லீங்களா? முடிஞ்ச வேலைக்குக் காசு திருப்பிக் கேக்கறது நல்லா இருக்குதுங்களா?’ என்றார். அதோடு, இடம் வாங்கப் பணம் கொடுத்தது வெளியே தெரிந்தால் யாருக்குச் சிக்கல் என்று யோசித்துக்கொள்ளச் சொன்னார். அது மிரட்டல்தான், ஆனால் அதில் ஓர் உண்மையும் இருந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஏதோ ஒரு பிள்ளையைத் தாண்டிப் போவதற்காகத்தான் நான் அந்தப் பணத்தைக் கொடுத்தேன். அவர் சொன்னபடி செய்யக் கூடியவராக இருந்திருந்தால் நான் செய்தது இன்னும் பெரிய தவறாகியிருக்கும். இதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுத எனக்கு உரிமை இல்லை.

பணத்தைக் கொடுத்ததற்கு அவர்கள் தந்த ரசீதில் ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கிறது. எதற்கான ஆலோசனை என்று இல்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைப் பற்றியது என்று வழக்கறிஞர் நண்பர் சொன்னார். அந்த ரசீது, எண் மாறிய சீட்டு, மகனின் ஒதுக்கீட்டு ஆணை மூன்றையும் வைத்துக் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். சோமனூர்க்காரரையும் கொடுக்கச் சொன்னேன். அடுத்த வருடம் கலந்தாய்வுக்கு மகளின் தங்கை இருக்கிறாள், அவருக்குப் பகை வேண்டாமாம்.

கலந்தாய்வில் காத்திருக்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அசல் சான்றிதழ் யார் கைக்கும் போகக் கூடாது. சேர்ந்த மாணவரின் அசல் சான்றிதழைக் கல்வி நிறுவனமே பிடித்துவைக்கக் கூடாது, சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. கல்லூரிக்கே இல்லாத உரிமை ஒரு கண்ணாடிக் கதவுக்கு ஏது? சான்றிதழ் என் கையில் இருந்திருந்தால் கடைசி 35,000 ரூபாயையாவது கொடுத்திருக்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசின் சேர்க்கை உதவி மையம் இருக்கிறது. நாங்கள் போன மையத்தில் இருந்த ஆசிரியை, அப்வர்டு என்றால் என்ன என்று மகனுக்குப் பத்து நிமிடம் பொறுமையாக விளக்கினார். நான் அப்போது வாசலில் நின்று காந்திபுரத்துக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால், தன் இடம் அப்பாவின் பணத்தில் வந்தது என்றே அவன் நான்கு வருடமும் நினைத்திருப்பான். மாறிய எண்ணைக் காட்டியபோது அவன் முதலில் கேட்டது, ‘அப்படீன்னா எனக்கே வந்துச்சாப்பா?’ என்பதுதான்.

சென்ற வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசலில் புதிய ஃப்ளெக்ஸ் பலகை கட்டியிருக்கிறார்கள். எங்கள் முயற்சியால் இடம் பெற்றவர்கள் என்று போட்டு, நாங்கள் கொடுத்த அதே புகைப்படத்தை மூன்றாவது வரிசையில் வைத்திருக்கிறார்கள், கீழே கல்லூரியின் பெயரோடு. உள்ளே போய் எடுக்கச் சொன்னேன். அடுத்த சீசனுக்குப் பலகையை மாற்றும்போது எடுத்துவிடுவதாக அந்தப் பெண் சொன்னார்.