மழையே இல்லை, காலடியில் மட்டும் குளம்: பழைய ஃபோர் பை ஃபோரும் அதன் ஏசி டியூபும்

கொல்லிமலைக்குக் காரவள்ளி பக்கமாக ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. 2018 ஏப்ரலில் ஒரு நல்ல வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினோம். மூன்றாவதோ நான்காவதோ வலது வளைவில் மனைவி, "ஏங்க, காலெல்லாம் நனையுது" என்றாள். தண்ணி பாட்டில் கவிழ்ந்திருக்கும் என்றேன். அடுத்த வலது வளைவில் மறுபடியும் ஒரு கை தண்ணீர். இடது வளைவில் டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று சத்தம் மட்டும். வண்டி வலது பக்கம் திரும்பினால் உள்ளே நிற்கும் தண்ணீர் இடது பக்கம் ஒதுங்கும். அங்கேதான் அவள் கால். செம்மேடு போய்ச் சேர்வதற்குள் நான் என்னென்ன கேட்டேன் என்பது இங்கே வேண்டாம்.

வண்டி 2005 மாடல் டீசல், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர். 2016-இல் நான் வாங்கும்போதே மூன்றாவது கை. வசிப்பது கடலூரில், ஆகவே உப்புக்காற்றுக்கும் புழுக்கத்துக்கும் பஞ்சமில்லை. விடுமுறை கிடைத்தால் கல்வராயன் மலைப்பக்கம் மண்பாதை, சேறு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஏசி தண்ணீரை வெளியே விடும் டியூப் அடைக்காமல் என்ன செய்யும்?

ஊர் திரும்பியதும் ஒரு ஏசி கடையில் காட்டினேன். "கேஸ் கம்மி சார், அதான் காயில்ல ஐஸ் கட்டி உருகுது" என்றார்கள். கேஸ் குறைந்தால் ஐஸ் கட்டுவது உண்மைதான். ஆனால் என் வண்டியில் குளிர்ச்சி ஒரு பொட்டும் குறையவில்லையே என்று கேட்கத் தோன்றாமல் 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளும் கால்மிதி ஈரம். அதன் பிறகுதான் நானே குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

உள்ளே நடப்பது சாதாரண விஷயம். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். கூலிங் காயிலைத் தொட்டு 5 டிகிரிக்கு அது குளிர்ந்தால் 7 கிராமுக்கு மேல் அந்தக் காற்றால் சுமக்க முடியாது. மிச்சமெல்லாம் காயிலில் முத்து முத்தாக வேர்த்து, கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் இறங்கி, ஒரு ரப்பர் டியூப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். பின்னால் ஒரு நாள் ஆசைக்கு அளந்து பார்த்தேன்: அக்டோபர் ராத்திரி, வாசலில் வண்டி ஓடிக்கொண்டிருக்க, வெளிக்காற்று எடுக்கும் மோடில் அரை லிட்டர் பாட்டில் 25 நிமிஷத்தில் நிரம்பியது. உள்காற்றையே சுழற்ற விட்டால் முக்கால் மணி நேரம் தாண்டியது. இவ்வளவு தண்ணீருக்கும் வழி, சுண்டு விரல் தடிமன் ஓட்டை ஒன்றுதான். என் வண்டியில் கேபின் ஃபில்டரே கிடையாது. வேப்பஞ்சருகு, புழுதி எல்லாம் நேராகக் காயிலுக்குப் போய், அங்கிருந்து தட்டில் இறங்கிக் களியாகிவிடும்.

தண்ணீர் ஏசியுடையதுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறமில்லாமல், வாடையில்லாமல் இருந்தால் ஏசி. வழுவழுப்பாக, தித்திப்பு வாடையுடன், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிந்தால் அது ஹீட்டரிலிருந்து ஒழுகும் கூலன்ட், வேறு வைத்தியம். மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் வைப்பருக்குக் கீழே இருக்கும் சருகையும் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் பாருங்கள்.

டியூபின் வாய் இடது பக்கம், ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) கீழே, சைலன்சர் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. நுனி வாத்து அலகு மாதிரி சப்பையாக இருக்கும். இன்ஜின் ஆறின பிறகு, ஸ்டாண்டு போட்டுவிட்டுத்தான் அடியில் போனேன் (வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள்). அலகை இரண்டு விரலால் பிசைந்தேன். செங்கல் மாதிரி காய்ந்த சேறு உதிர்ந்தது. அடுத்த நொடி ஒன்றரை லிட்டராவது இருக்கும், டீக்கலரில், முகத்திலேயே. செலவு பூஜ்ஜியம். அந்த 1,800 இன்னும் உறுத்துகிறது.

பதினாலு மாதம் பிரச்சினை இல்லை. அடுத்த அடைப்புக்குச் சோம்பல்பட்டு பஞ்சர் கடையில் காற்று பிடிக்கச் சொன்னேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. கீழிருந்து அடித்த அழுத்தத்தில் மேலே தட்டோடு சேரும் இடத்தில் டியூப் கழன்றுவிட்டது. அதற்கப்புறம் அடைப்பு இல்லை, சொட்டுத் தண்ணீர் வெளியேயும் போகவில்லை; அத்தனையும் கார்பெட்டுக்கு. க்ளவ் பாக்ஸைக் கழற்றி, கை நுழையாத சந்தில் கையை நுழைத்து, கிளிப் போட்டு மாட்டுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கம்பி விடுவதும் கூடாது. காயில் மெல்லிய அலுமினியம், ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும்.

அடுத்த தப்பு, அடைகிறதே என்று அந்த அலகையே வெட்டி எறிந்தது. தண்ணீர் ஜோராகப் போனது. மழை முடிந்த ஒரு மாதத்தில் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிட்டது! அதோடு ஓடைகளில் இறங்கும் வண்டிக்கு அந்த அலகுதான் ஒருவழிக் கதவு. இல்லையென்றால் ஓடைத் தண்ணீர் மேலே ஏறும். வலை கட்டிப் பார்த்தேன், பாசி பிடித்து அதுவே அடைத்தது. கடைசியில் வேறு ஒரு ரப்பர் அலகை வாங்கி மாட்டினேன்.

இப்போது வழக்கம் இதுதான்: சேற்றில் இறங்கி வந்தால் அன்றைக்கே அலகைப் பிசைந்துவிடுவேன். கோடைக்கு முன் ஒருமுறை, ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் வாயைப் பழைய சைக்கிள் டியூபால் சுற்றி டியூபோடு பொருத்தி ஒரு நிமிஷம் இழுப்பேன். அடம்பிடித்தால் புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு, ஒரு சாண் அளவுக்கு மட்டும், திருகித் திருகி. காயில் சுத்தம் செய்யும் நுரை அடிப்பதென்றால் இதெல்லாம் முடிந்த பிறகுதான். அடைப்பு இருக்கும்போது அடித்தால் நுரையும் அழுக்கும் கால்மிதிக்கே வரும். வீடு சேர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காய்கிறது, நாற்றம் பாதி குறைந்தது.

பின் சீட்டுக்காரர்களுக்கான கூரை ஏசிக்குத் தனி டியூப், கூரையைத் தாங்கும் பில்லருக்குள் இறங்குகிறது. அதில் சேறு இல்லை, பாசிதான். வேக்குவம் போதும்.

கார்பெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு தண்ணீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றித் தூக்கிப் பார்த்தபோது தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு, ஒரு ஒயர் கனெக்டரில் பச்சைப் பூப்பு. கார்பெட் மாடியில் நான்கு நாள் காய்ந்தது. துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தேன், போன மாதம் பார்த்தேன், ஓரத்தில் மறுபடி லேசாகக் கிளம்பியிருக்கிறது.

மனைவி இப்போதும் வண்டியில் ஏறுவதற்கு முன் கால்மிதியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை உள்ளே வைக்கிறாள்.