சூதாட்டத் தடுப்புச் செயலி: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய பிறகு

பழுதுபார்க்கக் கொடுத்த செல்போன் எல்லாம் அழிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. சூதாட்டத் தடுப்புச் செயலியை மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. அதே வாரத்தில் தோழி ஒருவர் தன் தம்பிக்காக இதைப் பற்றி விசாரித்தார். எத்தனை தளங்களைத் தடுக்கும், எத்தனை கருவிகளில் போடலாம் என்பதெல்லாம் செயலியின் விளக்கப் பக்கத்திலேயே இருக்கின்றன. கூடவே வைத்திருந்தவனுக்குத் தெரிவதை மட்டும் எழுதுகிறேன்.

செயலி வேலை செய்கிறது. சூதாட்டத்தை விட்ட முதல் மாதங்களில் ஆசை நாள் முழுவதும் இருப்பதில்லை. சம்பளம் வந்த இரவு, ஆட்டம் முடியப்போகும் நேரம், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எனச் சில நேரங்களில் திடீரென்று எழும். கொஞ்ச நேரத்தில் தானாகவே தணியும். விட்டதைப் பிடித்துவிடலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்குவதற்கும் பணம் கட்டி முடிப்பதற்கும் இடையே முன்பெல்லாம் மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. இப்போது தளம் திறப்பதில்லை. அதற்குள் ஆசை தணிந்துவிடுகிறது. வங்கியிலும் தடை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. கார்டு பரிவர்த்தனைகளில் சூதாட்டத்துக்கென்று 7995 என்ற தனிக் குறியீடு இருப்பதால், அந்தக் குறியீட்டோடு வரும் எதையும் வங்கியால் மறுக்க முடியும். சில வங்கிகளில் தடையை நீக்கச் சொன்னாலும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாள் பெரிய உதவி.

நான் எதிர்பார்க்காத ஒரு சுகமும் கிடைத்தது. நேரடி ஸ்கோர் பார்க்கும் பக்கத்தில் அணிகளின் பெயருக்குக் கீழே ஒரு பட்டை ஓடும். யார் வென்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற எண்கள் அதில் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். செயலி போட்ட பிறகு அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பெட்டி மட்டும் இருக்கிறது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஓர் ஆட்டத்தை ஆட்டமாகவே பார்த்தேன். இதற்காக மட்டுமே செயலியை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. இது விபிஎன் (இணையப் போக்குவரத்தைத் தனி வழியில் அனுப்பும் இணைப்பு) போல இயங்குவதால் அலுவலக விபிஎன்னைப் போட்டால் இது நின்றுவிடுகிறது. பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு புதிதாக முளைக்கும் தளங்களைப் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது குறுஞ்செய்திதான். நான் கணக்கை மூடிய ஒரு பந்தய நிறுவனத்திலிருந்து இன்னமும் வருகிறது: ‘உங்களை நீண்ட நாளாகக் காணவில்லை. இலவசப் பந்தயத் தொகை உங்கள் கணக்கில் காத்திருக்கிறது. இன்று நள்ளிரவு வரை மட்டும்.’ ஒரு எண்ணைத் தடுத்தால் வேறு எண்ணிலிருந்து வருகிறது. செயலியால் இதைத் தடுக்க முடியாது. அது செயலியின் குற்றமும் அல்ல. ஆனால் குடியை விட்டவன் வீட்டு வாசலில் தினமும் யாராவது பாட்டிலை வைத்துவிட்டுப் போனால் ஊர் சும்மா இருக்குமா?

தெரியாமல் நடந்துவிட்டது என்று இவர்கள் சொல்ல முடியாது. தொடர்ந்து ஜெயிப்பவர் யார் என்பதைப் பந்தய நிறுவனங்கள் வெகு விரைவில் கண்டுபிடித்து, அவர் கட்டக்கூடிய தொகையைச் சில்லறைக்குக் குறைத்துவிடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஜெயிப்பவனை அவ்வளவு துல்லியமாகக் காணும் கண்ணுக்கு, விடியற்காலை வரை தொகையை ஏற்றி ஏற்றிக் கட்டித் தோற்பவன் மட்டும் தெரியாமல் போவானா? தெரிகிறது. அவனுக்குத்தான் சலுகை அனுப்புகிறார்கள். பிறகு விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்று போட்டுப் பொறுப்பை அவன் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே சூதாட்ட அடிமைத்தனத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது. நோய் என்று தெரிந்த பிறகும் நோயாளியிடம் பொறுப்பைப் பற்றிப் பேசுவது எந்த நியாயம்?

சட்டம் அழுத்தினால் இவர்களால் முடியும். பிரிட்டனில் 2020 ஏப்ரலிலிருந்து கிரெடிட் கார்டில் சூதாட முடியாது. சூதாட்டத்திலிருந்து விலக விரும்புபவர் ஒரே இடத்தில் தன் பெயரைப் பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் அவருக்குக் கதவை மூடியாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2023-இல் இதே ஏற்பாடு வந்தது. வாழ்நாள் முழுவதற்கும் விலகிக்கொள்ளலாம். ஜெயித்த பணத்தை எடுக்க விண்ணப்பித்தவனிடம் ‘ரத்து செய்துவிட்டுத் தொடர்ந்து ஆடலாமே’ என்று காட்டும் பொத்தானையும் பிரிட்டன் தடை செய்தது. பணம் கட்ட ஒரு நொடி, எடுக்கப் பல நாள் என்று வைத்து, அந்த நாள்களுக்குள் அதை மறுபடி தோற்க வைப்பதற்கென்றே செய்த பொத்தான் அது. 2025 ஏப்ரலிலிருந்து சிகிச்சைக்கும் தடுப்புக்கும் ஆய்வுக்கும் நிறுவனங்களிடமே கட்டாய வரி வசூலிக்கிறார்கள். என் செயலிக்கான சந்தாவை மட்டும் நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் தடுப்புச் செயலியும் இருக்கிறது. அதுவும் ஒரு தொண்டு நிறுவனம் தருவதுதான்.

மதிப்பெண்ணா? நியாயமாகப் பார்த்தால் ஐந்துக்கு நான்கரை கொடுக்க வேண்டும். இன்று காலையும் அந்தக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது; இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இந்தப் பூட்டை அவர்கள் கதவில் போடாமல் என் கதவில் நான் போட வேண்டியிருப்பதே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

தோழிக்கு: தம்பியின் எல்லாக் கருவிகளிலும் இன்று இரவே போட்டுவிடுங்கள், பழைய டேப்லெட்டையும் மறக்க வேண்டாம். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். சம்பளக் கணக்கையும் சில மாதங்கள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவருடைய செல்போன் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். நான் மாற்றப்போவதில்லை, வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் படம் எடுத்து ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகாராக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.