பேஸ்பால் சாவண்ட்: 105 மைல் பந்தைத் தேட இந்தத் தளம் போதுமா?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 2008 முதல் வீசப்பட்ட பந்துகளின் வேகம் காசு இல்லாமல் ஒரே இடத்தில் கிடைக்கிறது. அந்த வகையில், லீக்கே நடத்தும் பேஸ்பால் சாவண்டுக்கு ஈடான தளம் இல்லை. ஆனால் 'இதுவரை வீசியதிலேயே வேகமான பந்து எது?' என்று தேடினால் வரும் பட்டியலை அப்படியே நம்பிவிட வேண்டாம். மூன்று வெவ்வேறு கருவிகள் அளந்த எண்கள் அங்கே ஒரே நெடுவரிசையில் கலந்து கிடக்கின்றன.

முதலில் தேடும் முறை. தளத்தின் தேடல் பக்கமான ஸ்டேட்காஸ்ட் சர்ச்சைத் திறந்ததும் நடப்பு சீசனும் வழக்கமான லீக் ஆட்டங்களும் மட்டுமே தேர்வாகி இருக்கும். வேண்டிய ஆண்டுகளையும் போஸ்ட்சீசனையும் (லீக் சுற்று முடிந்தபின் நடக்கும் கோப்பைக்கான ஆட்டங்கள்) நாமே டிக் செய்ய வேண்டும். பிறகு மெட்ரிக் ரேஞ்சில் பிட்ச் வெலாசிட்டியை (பந்தின் வேகம், மணிக்கு மைலில்) தேர்ந்து, குறைந்தபட்சம் 104 என்று கொடுங்கள். பந்து வகையைத் தொடாமல் விடுங்கள். ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் என்ற நேரான வேகப் பந்தை மட்டும் தேர்ந்தால், பந்து வீசும் வீரர் (பிட்சர்) ஜோர்டன் ஹிக்ஸ் காணாமல் போவார். 2018-இல் அவர் 105 மைலைத் தொட்டது சிங்கரில், அதாவது கீழே இறங்கும் வேகப் பந்தில். முடிவுகள் வீரர்வாரியாக, பந்துகளின் எண்ணிக்கைப்படி வரும். பெயரைச் சொடுக்கினால்தான் ஒவ்வொரு பந்தின் வேகமும் விரியும்.

இனி சிக்கலுக்கு வருவோம். 2016 வரையிலான எண்கள் பிட்ச்-எஃப்எக்ஸ் கேமராக்கள் தந்தவை. பேட்டர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டுக்கு 50 அடி முன்னால் பந்துக்கு இருந்த வேகத்தைத்தான் அந்த முறை சொன்னது. 2017 முதல் டிராக்மேன் ரேடார், பந்து கையை விட்ட கணத்தின் வேகம். 2020 முதல் அந்த வேலையை ஹாக்-ஐ கேமராக்கள் செய்கின்றன, மைதானத்துக்கு 12 வீதம் (கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ முறையீட்டில் நாம் பார்க்கும் அதே ஹாக்-ஐதான்). பழைய எண்களைக் கையை விட்ட கணத்துக்கு ஏற்றபடி தோராயமாக உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் 2010 செப்டம்பர் 24-இல் சான் டியேகோவில் பிட்சர் அரோல்டிஸ் சாப்மன் வீசிய பந்து அன்றைய செய்திகளில் 105.1, இன்றைய பட்டியலில் 105.8.

இந்த 0.7 நியாயமானதா என்பதைத் தளம் தரும் சிஎஸ்வி கோப்பை (ஒவ்வொரு பந்தின் விவரமும் உள்ள அட்டவணைக் கோப்பு) வைத்தே சரிபார்க்கலாம். அதில் விஒய்0 என்பது 50 அடியில் பந்தின் திசைவேகம், ஏஒய் என்பது வேகம் குறையும் வீதம். விஒய்0 நொடிக்கு 145 அடி, ஏஒய் 35 என்று வைத்துக்கொள்வோம். 145-இன் வர்க்கம் 21,025. பந்து கையை விடும் இடம் சுமார் 54 அடி. இடையிலுள்ள 4 அடிக்கு 2 × 35 × 4 = 280-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 146 வரும். 0.682-ஆல் பெருக்கினால் மணிக்கு 99.5 மைல், 50 அடியில் அதுவே 98.9. வித்தியாசம் 0.6, ஆக திருத்தம் சரியான அளவில்தான் இருக்கிறது. பிளேட்டின் முன்விளிம்பு வேகம் வேண்டுமானால் 21,025-இலிருந்து 2 × 35 × 48.6-ஐக் கழித்து அதேபோல வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 90.5 மைல். ஒரே பந்துக்கு 9 மைல் வித்தியாசம்!

அளந்த இடத்தைச் சொல்லாத வேக எண்ணை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அந்தக் கால பிட்சர்களில், 1974-இல் நோலன் ரயன் வீசிய 100.9, 1946-இல் ராணுவத்தின் ஒளிமின் கருவி பாப் ஃபெல்லருக்குக் காட்டிய 98.6 எல்லாம் பந்து பிளேட்டை நெருங்கியபோது எடுத்தவை. இன்றைய எண்களோடு நேராக ஒப்பிட்டால் இருவருக்கும் அநியாயம். சாவண்டில் இந்தப் பழைய பதிவுகள் கிடையாது.

முதலிடம் யாருக்கு? தளத்தின்படி சாப்மன். ஆனால் கையை விட்ட கணத்திலேயே நேரடியாக அளந்த பந்துகளை மட்டும் எடுத்தால், ஏஞ்சல்ஸ் அணியின் பென் ஜாய்ஸ் 2024 செப்டம்பர் 3-இல் டாட்ஜர்ஸுக்கு எதிராக வீசிய 105.5-தான் முதலிடம். 0.3 மைலை வைத்து, மாற்றிக் கணக்கிட்ட எண்ணுக்கு முன்னுரிமை தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்தபட்சம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியாவது போட்டிருக்கலாம். விவரம் சிஎஸ்வி விளக்கப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது.

கோப்பை இறக்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். எஃபெக்டிவ் ஸ்பீட் என்ற நெடுவரிசையை உண்மையான வேகம் என்று எடுத்துவிடாதீர்கள். பிட்சர் எவ்வளவு முன்னால் நீண்டு பந்தை விடுகிறார் என்பதைச் சேர்த்துக் கணித்த எண் அது. உங்களுக்கு வேண்டியது ரிலீஸ் ஸ்பீட். அடுத்து, ஒரு சீசனில் ஏறக்குறைய 7 லட்சம் பந்துகள். வரிசை வரம்பு இருப்பதால் மொத்தமாக இறக்க முடியாது. சில நாள்கள் வீதம் தேதியைப் பிரித்து இறக்குங்கள், இல்லையென்றால் பாதித் தரவை வைத்துக்கொண்டு முழுத் தரவு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எல்லா வேகமும் மைலில்தான், கிலோமீட்டருக்கு 1.6093-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் (105.8 என்றால் 170.3). ஜப்பான், கொரிய லீக் பந்துகளை இங்கே தேட வேண்டாம். கைபேசித் திரைக்கு இந்த அகல அட்டவணைகள் அடங்காது, கணினியில் திறப்பதே நல்லது.