வைட்டல்: முதல் சிந்தசைசராக இதையே எடுக்கலாம்

வீட்டில் இசையமைக்கத் தொடங்குபவர்களுக்கு, கணினியிலேயே ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர் மென்பொருளான வைட்டலின் இலவசப் பதிப்பே தாராளம். ஒலி அலையை உண்டாக்க மூன்று ஆசிலேட்டர், அதைச் சலித்தெடுக்க இரண்டு ஃபில்டர், பதிவு செய்த ஒலியை வாசிக்க ஒரு சாம்ப்ளர். ஓர் அமைப்பைத் தானாக மேலும் கீழும் அசைக்கும் எல்.எஃப்.ஓ.வை மவுஸால் இழுத்து, ஃபில்டர் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சொல்லும் கட்ஆஃப் மேல் போட்டால், அது அசைவது திரையிலேயே தெரியும். ஒலி ஏன் மாறுகிறது என்பது கண்ணுக்கே புரிந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்!

பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேட் ஒலிக்கு யூனிசன் (ஒரே சுரத்தில் சேர்ந்து ஒலிக்கும் அலைகளின் எண்ணிக்கை) 4, டீட்யூன் (அந்த அலைகளின் சுருதி விலகல்) கொஞ்சம், அட்டாக் (ஒலி எழ ஆகும் நேரம்) 1 வினாடி, ரிலீஸ் (விட்டதும் அடங்க ஆகும் நேரம்) 2 வினாடி. யூனிசனை 16 வரை ஏற்றலாம், ஆனால் வேண்டாம். ஒவ்வொரு சுரத்துக்கும் அத்தனை அலைகள் ஓடுவதால் பிராசஸர் திணறி, ஒலி படபடவென்று உடையும். அப்போது ஆடியோ பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் தயாரிக்கும் ஒலித்துண்டின் அளவை, 512 சாம்பிள் ஆக்குங்கள். 44,100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள்) அது சுமார் 12 மில்லிசெகண்ட் தாமதம். கீபோர்டில் வாசித்துப் பதியும்போது தாமதம் குறைய 128-க்கு இறக்கிவிடுங்கள்.

வயலின், பியானோ போன்ற நிஜ வாத்திய ஒலிகளை மட்டும் இதில் தேடாதீர்கள்.