ஊட்டிக் குப்பை: கேஸ் ஆக்குறதா, சிமெண்ட் ஆலைக்கு எறக்குறதா?

குப்பையில கேஸ் எடுத்தா காசு கொட்டும்னு யாராச்சும் சொன்னா, எந்த ஊர் கணக்குன்னு மொதல்ல கேளுங்க. இந்தூர்ல 2022ல தொறந்தாங்களே, அந்த பிளாண்ட் ஒரு நாளைக்கு 550 டன் ஈரக்குப்பைக்கும் 17 டன் பயோ சிஎன்ஜிக்கும் (குப்பை கேஸைச் சுத்தம் பண்ணி வண்டிக்கு அடைக்கிறது) கட்டுனது, அதாவது டன்னுக்கு முப்பது கிலோ சொச்சம். அது வெயில் ஊரு, குப்பையும் அவ்ளோ இருக்கு. நம்ம ஊர்ல ரெண்டும் கெடையாது.

மெஸ் பின்னாடி 2 கன மீட்டர் கோபர் கேஸ் டிரம் ஒண்ணு வச்சிருக்கேன். தெனம் 20 கிலோ மிச்ச சோறு, காய்கறித் தோல், கேரட் தழை எல்லாம் கரைச்சு ஊத்தணும், வெயில் மாசத்துல ஒழுங்கா வேலை செஞ்சா முக்கால் கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் மேல சமமா வரும், மாசம் கூட்டுனா ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், அதுக்கு மேல அஞ்சாறு கிலோ. சிலிண்டர் ரெண்டாயிரம்னு வச்சா மிச்சம் அவ்ளோதான். ஜனவரியில உறைபனி விழுந்துச்சுன்னா பாதிகூட வராது. உள்ள இருக்குற கிருமிக்கு 35, 37 டிகிரி வேணும், 15க்குக் கீழ போனா போர்வையை இழுத்துப் போர்த்திட்டு தூங்கிடும், நம்மள மாதிரிதான். கேஸ் சேந்தாதானே டிரம் மேல எழும்பும், அது கீழயே உக்காந்திருக்கும், அடுப்பு புஸ்ஸுனு ஒரு நீலப் பொட்டு காட்டிட்டு அணைஞ்சிடும். பூ பயிர் பண்றவங்க கழிச்சுப் போட்ட பாலிஹவுஸ் ஷீட்டை வாங்கி டிரம்மைச் சுத்தி கூடாரம் கட்டி, காலையில வெந்நீர் கலந்து ஊத்துனதுல கொஞ்சம் தேறுச்சு. ஆனா அந்த வெந்நீருக்கும் வெறகு எரியுதே, அதைக் கணக்குல யாரும் எழுதுறதில்ல.

சரி, இன்னொரு வழி. காஞ்ச குப்பையை அரைச்சு, கட்டாக் கட்டி சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளா அனுப்புறது, ஆர்டிஎஃப்னு சொல்வாங்க. கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல சூடு தர்ற, மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையை கிடங்குல கொட்டாதீங்க, எரிபொருளாக்குங்கன்னு 2016ல வந்த திடக்கழிவு விதியே சொல்லுச்சு. சிமெண்ட் சூளையில சூடு 1,400 டிகிரிக்கு மேல, சிப்ஸ் கவர் மாதிரி எந்த காயலான் கடையும் எடுக்காத சரக்குக்கு வேற போக்கிடமும் இல்ல. இங்க 2000 வாக்குல இருந்தே பிளாஸ்டிக் தடை இருந்தும் டூரிஸ்ட் பையில ஏறி வந்துடுது. ஆனா ஈரம் கலந்துட்டா போச்சு, ஒவ்வொரு கிலோ தண்ணியையும் ஆவியாக்கவே 540 கிலோகலோரி தின்னுடும். பைப் செய்ற பிவிசி பிளாஸ்டிக் கலந்தா, அதுல குளோரின் இருக்கு, சூளைக்கு ஆகாதுன்னு சொல்லி ஆலைக்காரங்க திருப்பி விடுவாங்க. கட்டாம தூக்குனா லாரி நெறஞ்சிருக்கும், எடை இருக்காது. அதுக்கு பர்லியாறு எறங்கி மேட்டுப்பாளையம் தாண்டிப் போற வாடகையும் சேத்தா, இது வருமானமே இல்ல, குப்பையை ஒழிக்கிற செலவு. அப்படியே சொல்லிட்டு பட்ஜெட்ல போட்டா நான் ஆதரிப்பேன், லாபம்னு சொன்னாதான் கடுப்பாகுது.

இங்கயே டீ ஃபேக்டரி அடுப்புல எரிச்சா என்னன்னு ஒருத்தர் கேட்டாரு. டீத்தூள் பக்கத்துல இருக்குற வாசத்தையெல்லாம் இழுத்துக்கும்ணே, பிளாஸ்டிக் நாத்தத்தோட யாரு வாங்குவா? அந்த அடுப்புச் சூடும் பத்தாது, டயாக்ஸின்ங்கிற விஷம் புகையில வரும்.

என் கணக்குல ஈரக்குப்பை மலையிலயே நிக்கணும். கேஸ் விலைக்காக இல்ல, அதுல முக்காவாசி தண்ணி, தண்ணியை டீசல் போட்டு கொண்டைஊசி வளைவுல எறக்குறது பைத்தியக்காரத்தனம். மிச்சமாகுற வாடகையும், கலவாம நிக்கிற காஞ்ச குப்பையும்தான் லாபம். டிரம்ல இருந்து வர்ற கரைசலை பக்கத்து உருளைக்கிழங்கு தோட்டத்துக்காரர் கேன்ல எடுத்துட்டுப் போறாரு, பதிலுக்கு முட்டைகோஸ் தர்றாரு.

ரெண்டுக்குமே பொதுவா ஒரு செலவு இருக்கு. எச்சில் எலை வாளியில கைய விட்டு சாஸ் பாக்கெட், ஸ்ட்ராவெல்லாம் பொறுக்குற அக்காவுக்கு தெனம் அரை மணி நேரம் ஆகுது, அந்தக் கூலிய எந்த திட்ட அறிக்கையிலயும் நான் பாத்ததில்ல.