ஒரே கேபிள், பல அறைகள்: டிஷ் சிக்னலைப் பகிர எந்த வழி நல்லது?

கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குள் ஒரே ஒரு கேபிள்தான் இறங்குகிறது, சுவரைத் துளைத்து இன்னொன்றை இழுக்க வழியில்லை, ஆனால் இரண்டு மூன்று அறைகளில் தொலைக்காட்சி வேண்டும் என்னும் நிலையில் இருப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. ஸ்பிளிட்டர் வைத்துக் கேபிளைப் பிரிக்கலாம்; யூனிகேபிள் வகை எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவி) டிஷ்ஷில் பொருத்தலாம்; சாட்-ஐபி முறையில் சிக்னலை வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பலாம்; அல்லது ஒரே செட்-டாப் பாக்ஸில் ஓடும் படத்தை மட்டும் மற்ற அறைகளுக்குக் கொண்டு செல்லலாம். இவற்றில் எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இப்போது உள்ள கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவது அவசியம். சிக்னலே கெட்டிருப்பது ஒரு வகை. நல்ல சிக்னலைப் பாக்ஸ்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாமல் மோதுவது வேறு வகை. இரண்டுக்கும் திரையில் வருவது ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரே அறிவிப்புதான் என்பதால், தவறான பொருளை வாங்குவது எளிதாக நடந்துவிடுகிறது.

பிரித்தறியும் வழி எளிது. ஒரு பாக்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மின்இணைப்பிலிருந்தே கழற்றிவிட்டு (ரிமோட்டில் அணைத்தால் போதாது, அணைந்த நிலையிலும் கேபிளில் மின்னழுத்தம் தரும் பாக்ஸ்கள் உண்டு), அந்த ஒன்றை இடையில் எதுவுமின்றி நேராக டிஷ் கேபிளில் இணைத்துப் பார்க்க வேண்டும். எல்லாச் சேனல்களும் சீராக வந்தால், கோளாறு பங்கீட்டில் இருக்கிறது. அப்போதும் படம் உடைந்தால், மேலே சொன்ன நான்கில் எதுவும் உதவாது; முதலில் டிஷ்ஷையும் கேபிளையும் சரிசெய்ய வேண்டும்.

பங்கீட்டு மோதல் ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு தெளிவாகிவிடும். பரவலாகப் பயன்படும் யுனிவர்சல் எல்என்பி, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை வாங்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைக்கு மாற்றிக் கேபிளில் இறக்குகிறது. வானிலிருந்து வரும் அனைத்தும் அந்த இடத்தில் ஒரே நேரத்தில் அடங்காது. ஆகவே செங்குத்து, கிடைமட்டம் என்ற இரண்டு அலைத்தளங்களையும், கீழ், மேல் என்ற இரண்டு பட்டைகளையும் சேர்த்து நான்கு பகுதிகளாகப் பிரித்து, எந்த நொடியிலும் அவற்றில் ஒன்றை மட்டுமே அது அனுப்புகிறது. எந்தப் பகுதி வேண்டும் என்பதைப் பாக்ஸ்தான் கேட்கிறது: 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து, 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டம், அதனுடன் 22 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குறி சேர்ந்தால் மேல் பட்டை, சேராவிட்டால் கீழ்ப் பட்டை.

ஒரு ஸ்பிளிட்டரின் இரு கிளைகளில் இரண்டு பாக்ஸ்கள் இருந்து, ஒன்று 13 வோல்ட்டும் மற்றொன்று 18 வோல்ட்டும் கொடுத்தால், உயர்ந்த மின்னழுத்தமே எல்என்பியைச் சென்றடையும். 13 வோல்ட் கேட்ட அறையில் படம் அறுந்துவிடும். அடுத்த அறையில் சேனல் மாற்றும்போதெல்லாம் இந்த அறையில் படம் போவதும் வருவதுமாக இருந்தால், காரணம் இதுவே. ஒரு கிளை மட்டும் மின்சாரத்தை விடும் ஸ்பிளிட்டரிலோ, அந்தக் கிளையில் உள்ள பாக்ஸ் எந்தப் பகுதியைப் பார்க்கிறதோ அதற்குள்தான் மற்றவர் சேனல் தேட முடியும். ‘பிரித்தால் சிக்னல் பாதியாகிவிடும், அதனால்தான் படம் உடைகிறது’ என்று பலர் நம்புகிறார்கள். இருவழி ஸ்பிளிட்டரில் சுமார் 4 டெசிபல் இழப்பு இருப்பது உண்மைதான். ஆனால் எல்என்பி ஏற்கெனவே 50 முதல் 60 டெசிபல் வரை பெருக்கித் தருவதால், கேபிள் மிக நீளமாக இல்லாத வீட்டில் அந்த இழப்பு பெரும்பாலும் உறுத்துவதில்லை. இந்தத் தவறான எண்ணத்தால் ஆம்ப்ளிஃபயர் வாங்கி இடையில் செருகுவோரைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், மோதலை அணுவளவும் தீர்க்காது. பார்க்கும் சேனல்கள் எல்லாம் நான்கில் ஒரே பகுதியில் அமைந்திருக்கும் வீட்டில் மட்டும், எல்லாக் கிளைகளிலும் டையோடு பாதுகாப்புள்ள (ஒரு பாக்ஸின் மின்சாரம் இன்னொன்றுக்குள் பாயாமல் தடுக்கும்) ஸ்பிளிட்டர் எளிய, முழுமையான தீர்வாக அமையும். மற்றவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேபிளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே கேபிளை நம்பும் வீட்டில் அதன் குறை எல்லா அறைகளுக்கும் போய்ச் சேரும். நல்ல ஆர்ஜி-6 கேபிளிலும் 100 மீட்டருக்கு, 1000 மெகாஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபலும் 2150 மெகாஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலும் குறையும். ஆகையால் இணைப்பு முனையில் தண்ணீர் இறங்கிப் பழுதாகும்போது, கேபிளில் உயர்ந்த அதிர்வெண்ணில் வரும் சேனல்கள்தான் முதலில் மறையும். கிடைமட்டச் சேனல்கள் மட்டும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போனால், வேறொன்றைச் சந்தேகிக்க வேண்டும்: நடுக்கம்பி செம்பு பூசிய எஃகாக இருந்தால் அதன் மின்தடை அதிகம், பாக்ஸ் கொடுக்கும் 18 வோல்ட் வழியிலேயே தேய்ந்து, எல்என்பி அதைச் செங்குத்துக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. எல்என்பி வேலை செய்துகொண்டிருக்கும்போதே கூரை முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். முழுச் செம்பு நடுக்கம்பி உள்ள கேபிளைப் பழைய கேபிளோடு கட்டி, அதே குழாய் வழியாக இழுத்து மாற்றிவிட்டால், வேறு எந்தக் கருவியும் வாங்காமலேயே பல வீடுகளின் சிக்கல் முடிந்துவிடும்.

கேபிள் நன்றாக இருந்து மோதல்தான் சிக்கல் என்றால், என் முதல் தேர்வு யூனிகேபிள். இதில் எல்என்பி ஒவ்வொரு பாக்ஸுக்கும் கேபிளில் ஒரு தனி அலைவரிசை இடத்தை ஒதுக்குகிறது. பாக்ஸ் தனக்கு வேண்டிய டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளிலிருந்து பல சேனல்களைச் சேர்த்துச் சுமந்து வரும் ஓர் அலைவரிசை) எது என்று கட்டளையாக மேலே அனுப்புகிறது. எல்என்பி அதை மட்டும் எடுத்து அந்தப் பாக்ஸுக்குரிய இடத்தில் வைத்துக் கீழே அனுப்புகிறது. நான்கு பகுதிகளின் தடை இதனால் நீங்குகிறது. இஎன் 50494 என்ற முதல் தரநிலை ஒரே கேபிளில் 8 இடங்கள் வரையும், அடுத்து வந்த இஎன் 50607 அதிகபட்சம் 32 இடங்கள் வரையும் அனுமதிக்கின்றன. சுவரில் உள்ள கேபிள் அப்படியே இருக்கும். மாறுவது எல்என்பியும் ஸ்பிளிட்டரும் மட்டுமே.

ஆனால் இதற்கும் நிபந்தனைகள் உள்ளன. பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் யூனிகேபிள் அல்லது எஸ்சிஆர் என்ற தேர்வு இருக்க வேண்டும்; கட்டணச் சேவை நிறுவனங்கள் தரும் பாக்ஸ்கள் சிலவற்றில் அது இருப்பதில்லை. ஒவ்வொரு பாக்ஸிலும் வெவ்வேறு இட எண்ணையும், அந்த எல்என்பியின் அட்டையில் அதற்கு நேராக அச்சிட்டுள்ள அதிர்வெண்ணையும் பிழையின்றிப் பதிய வேண்டும். இரண்டு பாக்ஸ்கள் ஒரே எண்ணைப் பிடித்தால் அவை ஒன்றையொன்று கெடுக்கும். கட்டளை அனுப்பும் கணத்தில் மட்டும் பாக்ஸ் 18 வோல்ட்டுக்கு ஏறி மீண்டும் 13க்கு இறங்க வேண்டும். சரியாக அமைக்கப்படாத ஒரு பாக்ஸ் 18 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் மற்றவர்களின் கட்டளைகள் மேலே போகாது. வீடு முழுவதும் சேனல் மாறாமல் உறைந்து நிற்பது இதன் அடையாளம். டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசி இயங்கும் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியும் கேபிளின் அலைவரிசைக்குள் வருவதால், உறை சரியாகப் பொருந்தாத இணைப்பு முனைகள் வழியாக அது உள்ளே புகுந்து குறிப்பிட்ட சில சேனல்களை உடைக்கும். திருகிப் பொருத்தும் முனைகளை விட, அழுத்திப் பொருத்தும் முனைகள் இதற்கு நல்ல காப்பு.

சாட்-ஐபி முறை 2012இல் எஸ்இஎஸ் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் முன்னெடுப்பில் அறிமுகமானது. டிஷ்ஷுக்கு அருகில் ஒரு சர்வர் வைத்து, அதிலுள்ள டியூனர்கள் வாங்கும் சேனல்களை வீட்டு நெட்வொர்க்கில் விடுகிறது. பாக்ஸ் இல்லாத கைபேசியிலும் கணினியிலும் பார்க்கலாம் என்பது யூனிகேபிளில் கிடைக்காத வசதி. பெரிய தடை, நிறுவனத்தின் பாக்ஸிலேயே பூட்டப்பட்ட கட்டணச் சேனல்களை இதில் பெரும்பாலும் பார்க்க முடியாது என்பது. இலவசச் சேனல்களை அதிகம் பார்ப்பவர்களுக்கே இது உகந்தது. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை போகும். வைஃபையில் விட்டால் தவறிய தகவல் பெரும்பாலும் மறுபடி அனுப்பப்படாததால் படம் கட்டம் கட்டமாக உடையும். அதை டிஷ்ஷின் குறை என்று எண்ணிக் கூரை ஏறுவது வீண் உழைப்பு. ஈதர்நெட் கம்பியே இல்லாத வீட்டில், டிஷ் கேபிளை மோகா அடாப்டர்கள் கொண்டு நெட்வொர்க் கம்பியாக மாற்றிக்கொள்ளலாம். அந்த அடாப்டர்கள் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தும் என்பதால் அதே கேபிளில் டிஷ் சிக்னல் ஓடக் கூடாது. சர்வர் கேபிளின் மேல் முனையில், மழை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது வழி, ஒரு பாக்ஸின் எச்டிஎம்ஐ வெளியீட்டை மாடுலேட்டர் மூலம் சாதாரண ஆன்டெனா சேனலாக மாற்றி, 862 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதே கேபிளில் டிப்ளெக்சர் (இரு வேறு அலைவரிசைகளை ஒரே கேபிளில் இணைக்கும் சிறு கருவி) கொண்டு சேர்ப்பது. எல்லா அறைகளிலும் ஒரே நிகழ்ச்சிதான் ஓடும். அதுவே போதும் என்ற வீட்டுக்கு இது நல்ல வழி. நகல் தடுப்புள்ள பாக்ஸ்களில் மட்டும் படம் வராமல் போகலாம்.

எந்த வழியில் அமைத்தாலும், பணி முடிந்தவுடன் எல்லாத் தொலைக்காட்சிகளையும் ஒரே நேரத்தில் இயக்க வேண்டும். ஸ்பிளிட்டரும் நான்காவது வழியும் தவிர மற்றவற்றில், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பகுதியைச் சேர்ந்த சேனலை வைத்து, ஒரு மணி நேரமாவது சேனல்களை மாற்றிக்கொண்டே சோதிப்பது நல்லது. அறைக்கு அறை தனித்தனியாகச் செய்யும் சோதனையில் மோதல் ஒருபோதும் வெளிப்படாது.